பஞ்சு பட்டால் தெரியும் இடம்

என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், நர்ஸ் என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் விவரம் கேட்டவர்கள் யாரும் என் வீட்டில் காபியை முழுசாகக் குடித்துவிட்டுப் போனதில்லை. முதுகுத்தண்டில் அடிபட்டு, கால் விழுந்துபோனவர்களின் வார்டில்தான் என் சர்வீஸின் பெரும்பகுதி கழிந்தது. அந்த வார்டில் நர்ஸ் வேலை என்பது முக்கால்வாசி மலம்தான். வர வைப்பது, வந்ததைத் துடைப்பது, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வது. என் வீட்டுக்காரர் இருந்தவரை, "இன்னைக்கு உங்க டிபார்ட்மென்ட் எப்பிடி?" என்று சோற்றில் கை வைக்கும் முன்பே கேட்டுவிடுவார். சாப்பிட ஆரம்பித்த பிறகு கேட்கக் கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

போன மாதம் பாத்திமா போன் செய்தாள். உத்தமபாளையத்துப் பெண், என்னோடு கடைசி சில வருஷம் அதே வார்டில் இருந்தவள், இப்போது என் இடத்தில் இருக்கிறாள்.

"மேடம், நம்ம வார்டுல இப்ப மோஷனை டப்பால பிடிச்சு ஐஸ் பெட்டில வச்சு அனுப்புறோம். அதுல என்னென்ன பாக்டீரியா இருக்குன்டு பாக்குறாகளாம். முதுகுல அடிபட்டவுக வயித்துல இருக்கிறது வேறயாம், நமக்கு இருக்கிறது வேறயாம். எஸ்தர் மேடம் அன்னைக்கே சொன்னாகள்ல? அதப் பத்தி, நர்ஸ் தினத்துக்கு நாங்க போடுற மலருக்கு எழுதிக் குடுங்க. நல்ல அனுபவமா ஒண்ணு."

நல்ல அனுபவம் என்றால் பிரசவ வார்டுக்காரர்களிடம் கேட்க வேண்டும். என்னிடம் இருப்பதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவள் பாடு.

மதுரையில் படித்தேன். எல்லாரும் படித்ததைத்தான் நானும் படித்தேன், சொல்ல ஒன்றுமில்லை. உத்தமபாளையத்தில் கொஞ்ச காலம் பிரசவ வார்டு. அழுதுகொண்டு வருவார்கள், மிட்டாய் கொடுத்துவிட்டுப் போவார்கள். பிறகு தேனிக்கு மாற்றல் வந்தது. இங்கே வந்த பிறகுதான் இந்தப் பள்ளத்தாக்கில் மனுஷர்கள் எத்தனை விதமாக விழுகிறார்கள் என்று தெரிந்தது. தென்னையிலிருந்து விழுவார்கள். மிளகு பறிக்கப் போட்ட ஒற்றைக்கால் ஏணியோடு சரிவார்கள். ஏலத் தோட்டத்துக்கு ஆளேற்றிப்போகும் ஜீப் போடிமெட்டு வளைவிலோ குமுளி வளைவிலோ கவிழும். மாசி, பங்குனியில் இலவங்காய் பறிப்பு ஆரம்பித்தால் எங்கள் வார்டில் கட்டில் காலியாக இருக்காது. இலவ மரம் நெட்டையாக வளரும், கிளை பட்டென்று முறியும். மெத்தைக்கும் தலையணைக்கும் போகிற பஞ்சு அது. அதைப் பறித்தவர்கள் எங்கள் ரப்பர் மெத்தையில் வந்து படுப்பார்கள்.

எங்கள் பெரிய டாக்டர் எஸ்தர் மேடம், போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்த குடும்பத்துப் பெண். அவர் பக்கத்தில் வந்தால் ஏலக்காய் மணக்கும் என்று நோயாளிகள் சொல்வார்கள். எனக்கு ஒருநாளும் மணந்ததில்லை, டெட்டால்தான் மணந்தது. மற்ற டாக்டர்கள் வந்ததும் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். இவர் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கி, முதலில் வயிற்றில் வைப்பார். பிறகு தேங்காய் வாங்குகிறவர் மாதிரி தட்டிப் பார்ப்பார். அடுத்து ஒரே கேள்வி. "பீ போனியா?"

பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் நெளிவார்கள். "மோஷன்னா பாதிப் பேருக்குப் புரியாது, மலம்னா மீதிப் பேருக்குப் புரியாது. எனக்கு எல்லாருக்கும் புரியணும்" என்பார். சிரிக்கவே மாட்டார். அவர் ரவுண்ட்ஸ் வருகிறார் என்றால் வார்டில் பேச்சுச் சத்தம் அடங்கிவிடும். ஆனால் துடைக்கும்போது மட்டும் நாங்கள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அது அவர் போட்ட சட்டம். "நீங்க வாயை மூடிக்கிட்டுத் துடைச்சா, மூச்சை அடக்கிக்கிட்டு இருக்கீகன்டு அவன் நினைப்பான். மழையைப் பத்திப் பேசுங்க, சீரியலைப் பத்திப் பேசுங்க, என்னத்தையாவது பேசுங்க." அப்படிப் பேசிப் பேசியே கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை விலை, ஏலக்காய் விலை எல்லாம் எனக்கு மனப்பாடம்.

அவர் சொல்லிக்கொடுத்த முறையையும் எழுதிவிடுகிறேன். காலையில் ஒரே நேரம். முதலில் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுக்க வேண்டும், சூடு உள்ளே போனதும் குடல் விழிக்கும். கொஞ்சம் பொறுத்து இடது பக்கமாகச் சாய்த்து, வயிற்றை வலது கீழிருந்து மேலே, குறுக்கே, பிறகு இடது பக்கம் கீழே என்று தடவ வேண்டும். மருந்துக் குளிகையை ஆசனவாய்க்குள் வைத்து, கையுறையில் ஜெல்லி தடவி, விரலால் மெதுவாக வட்டம் போட வேண்டும். மூளையிலிருந்து வருகிற செய்தி தண்டுவடத்தில் அறுந்துபோனாலும், இந்த விரல் கேட்டால் குடல் பதில் சொல்லும். இதைக் கல்யாண நாளானாலும் எழவு நாளானாலும் விடக் கூடாது. விட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் ஒரே வாக்கியத்தில் சொல்வார். "மார்புக்கு மேல அடிபட்டவனுக்குத் தலை வலிச்சா, முதல்ல நிமித்தி உட்கார வை, அடுத்து அவன் வயித்தைப் பாரு." குடல் நிரம்பி முட்டினால் அது அவர்களுக்கு வலியாகத் தெரியாது. உடம்பு வேறு வழியில் கத்தும். இரத்த அழுத்தம் தலைக்கேறும், முகம் சிவக்கும், நெற்றியில் வேர்க்கும். கவனிக்காவிட்டால் மூளையில் இரத்தக் குழாய் வெடிக்கும்.

செல்வம் வந்தது நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு, இலவங்காய்ப் பறிப்புக் காலத்தில். இருபத்தெட்டு வயசு. பொட்டிப்புரம் பக்கத்தில் ஒரு தோப்பில் கிளை முறிந்து விழுந்திருக்கிறான். அம்மா அப்பா இல்லை. வளர்த்தது அக்கா பேச்சியம்மா. பழனிசெட்டிபட்டியில் வாழ்க்கைப்பட்டவள், அப்போது நிறைமாசம். அந்த வயிற்றோடு ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

எஸ்தர் மேடம் அவனைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்துக் கால் பெருவிரலில் தொட்டார். "பட்டாச் சொல்லு." அவன் சொல்லவில்லை. முழங்கால், தொடை, தொப்புள் என்று பஞ்சு மேலே ஏறியது. அக்காக்காரி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மார்க்காம்பைத் தாண்டியதும், "இப்பத் தெரியுது" என்றான். மேடம் அந்த இடத்தில் பேனாவால் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

கண்ணைத் திறந்தவன் அவர் கையிலிருந்ததைப் பார்த்தான். "இது பருத்திப் பஞ்சுல்ல சிஸ்டர்? எலவம்பஞ்சா இருந்தா இன்னுங் கொஞ்சம் கீழயே தெரிஞ்சிருக்கும்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். பேச்சியம்மா சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

கைகள் இரண்டும் நன்றாக இருந்தன. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த செல்வம் திரும்பி வரவே இல்லை. ஆபரேஷன் முடிந்து, பயிற்சி முடிந்து, சக்கர நாற்காலியோடு அக்கா வீட்டுக்குப் போனான். அதற்குள் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. தர்ஷினி.

மறு வருஷம் அவனைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. வற்றலாகக் காய்ந்திருந்தான். இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண், அதன்மேல் நிற்காமல் பேதி. நடந்தது இதுதான். குழாய் போட்டு மூத்திரம் எடுக்கிறவர்களுக்கு அது எப்போதும் கொஞ்சம் கலங்கலாகத்தான் வரும். காய்ச்சல் இல்லாவிட்டால் அதற்கு மருந்து தேவையில்லை. இவர்கள் கலங்கலைப் பார்க்கிறபோதெல்லாம் பயந்துபோய், மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று கேட்காவிட்டால் அதைவிட வீரியமாக இன்னொன்று.

எஸ்தர் மேடம் வயிற்றில் கை வைத்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் கை அங்கேயே இருந்தது. பிறகு பேச்சியம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இந்தா பாரு தாயி. நம்ம குடலுக்குள்ள ஒரு ஊரே குடியிருக்கு. அம்புட்டும் பாக்டீரியா. நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. நல்லது நிறைய இருக்கிறவரைக்கும் கெட்டது வாலைச் சுருட்டிக்கிட்டுக் கிடக்கும். உன் தம்பிக்கு முதுகு உடைஞ்ச அன்னைக்கே அந்த ஊரும் கலைஞ்சுபோச்சு. குடல் மந்தமாயிருச்சு, தின்டது அங்கனயே கிடக்கு, நல்லது செத்துக் கெட்டது பெருகுது. குடல் சுவரும் ஒழுக ஆரம்பிக்கும். கெட்டது ரத்தத்துல கலந்து உடம்பு பூரா அழற்சி ஆகும். அது போயி அடிபட்ட நரம்பையே இன்னும் கெடுக்கும். முதுகு வயித்தைக் கெடுக்குது, வயிறு முதுகைக் கெடுக்குது. இதுல நீங்க மாத்திரையப் போட்டு மிச்சமிருந்த நல்லதையும் கொன்டுட்டீக."

"அப்ப வயித்தைச் சரி பண்ணுனா கால் வந்துருமா டாக்டரம்மா?"

"வராது. எலிக்கு வச்சுப் பாத்திருக்காக, கொஞ்சம் முன்னேற்றம் இருக்குன்டு சொல்றாக. மனுசனுக்கு எனக்கு உறுதியாத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன். ஆனா புண்ணு ஆறும், பேதி நிக்கும், இவன் உக்காருவான்."

பேச்சியம்மா தலையை ஆட்டினாள். கால் வராது என்பதை அவள் எத்தனையாவது தடவையாகக் கேட்கிறாளோ தெரியாது, முதல் தடவை கேட்கிறவள் மாதிரியேதான் ஒவ்வொரு தடவையும் முகம் வாடும்.

தேவையில்லாத மாத்திரைகளை மேடம் நிறுத்தினார். தேவையான ஒன்றை மட்டும் கொடுத்தார். மோர், கீரை, சிறுதானியக் கூழ், வாழைப்பழம் என்று ஊருக்குள் ஆள் குடியேற்றுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டைக் கூட்டினார். காலை முறையை நாங்கள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். அவனைத் துடைக்கும்போது நான் வாயை மூடவே மாட்டேன், அவன்தான் மூடிக்கொண்டிருப்பான். ஒருநாள் அவனாகவே சொன்னான்.

"மச்சானோட ஆளுக பிள்ளையப் பாக்க வந்திருந்தாக சிஸ்டர். எனக்குப் பேதியா இருந்த சமயம். முன்னாடி ரூம்புல உக்காந்திருந்தேன். எனக்கு எதுவுந் தெரியல. அவுகளுக்கு வாடை தெரிஞ்சிருச்சு. பிள்ள அப்பத்தான் தவழுது. நேரா என்கிட்டதான் வந்துச்சு. மச்சானோட அத்தைக்காரி, 'ஏ, பிள்ளைய அங்கிட்டுத் தூக்குங்க'ன்டு சொன்னாக. எல்லாரும் சேலையை மூக்குல வச்சிருந்தாக."

நான் கம்பத்துத் திராட்சை விலையைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

மேடம் சொன்னது நடந்தது. பேதி நின்றது. புண் பூ மாதிரி ஓரத்திலிருந்து மூடிக்கொண்டு வந்தது. உடம்பு பிடித்தது. வீட்டுக்குப் போன பிறகு அவன் வயிறு கடிகாரம் மாதிரி ஆகிவிட்டது என்று பேச்சியம்மா சொல்வாள். காலையில் ஒரு தரம், அதோடு சரி. மறுநாள் காலை வரை தொந்தரவே இல்லை. தானே செய்துகொள்ளவும் மேடம் அவனுக்குப் பழக்கிவிட்டார். என் கண்ணால் பார்த்த நல்ல அனுபவம் இதுதான். பாத்திமா இந்தப் பத்தியோடு வெட்டிக்கொண்டால் மலருக்குச் சரியாக இருக்கும்.

தர்ஷினிக்குக் காது குத்து தள்ளிக்கொண்டே போனது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், மாமன் படுக்கையில் கிடந்தான். அவன் தேறிய பிறகு பேச்சியம்மாவின் வீட்டுக்காரர் கணேசன் தேதி குறித்தார். மினி லாரி ஓட்டுகிற மனுஷன், கெட்டவர் இல்லை. ஆனால் அவர் பக்கத்து ஆட்கள், ஒன்றுவிட்ட மாமன்முறைக்காரன் ஒருவன் சின்னமனூரில் இருக்கிறான், அவன் மடியில் உட்கார வைத்துவிடலாம், இவன் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பேசியிருக்கிறார்கள்.

இதை என்னிடம் வார்டில் வைத்துச் சொன்னது செல்வம்தான். பரிசோதனைக்கு வந்திருந்தான். "நான் செத்தா எவன் மடியில வேணும்னாலும் வச்சுக் குத்திக்கிறட்டும். இருக்கிறப்ப என் மடிதான். ஒரு நாள் சிஸ்டர். அந்த ஒரு நாள் மட்டும் எதுவும் ஆகக் கூடாது."

"உனக்குத்தான் இப்ப எதுவும் ஆகுறதில்லையே. காலைல முடிச்சிட்டுப் போ. உன் வயிறு உன்னைய ஏமாத்தாது" என்றேன்.

"உங்களுக்கென்ன, சொல்லிட்டீக" என்றான்.

பயிற்சி அறையில் அன்றைக்கு அவன் ஒரு தலையணையை மடியில் வைத்துப் பழகிக்கொண்டிருந்தான். பெல்ட்டால் உடம்பை நாற்காலியோடு கட்டிக்கொண்டால்தான் இரண்டு கையையும் விட முடியும். மடியிலிருந்த தலையணை நழுவித் தரையில் விழுந்தது. அவன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, இல்லாத தலையணையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் எடுத்துக் கொடுத்தபோதுதான் கீழே பார்த்தான். அதன்பிறகு மடியில் வைக்கவில்லை. கையில் ஏந்தி, மேலே தூக்கி, கழுத்தோடு அணைத்துப் பிடித்துப் பழகினான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பேனாக் கோடு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும்.

விசேஷம் பொட்டிப்புரம் பக்கத்தில் அவர்கள் குலசாமி கோயிலில். எனக்கும் பத்திரிகை வைத்தார்கள், அன்றைக்கு டியூட்டி. கோயிலில் இருந்தவர்கள் பிறகு சொன்னதைத்தான் எழுதுகிறேன். செல்வம் பட்டு வேட்டி, பட்டுத் துண்டு, மாலையோடு சக்கர நாற்காலியில் ராஜா மாதிரி இருந்தானாம். முகம் நல்ல சிவப்பு. வேர்த்துக் கொட்டியிருக்கிறது. வெயில் என்று நினைத்து ஒரு பையனை விசிறச் சொல்லியிருக்கிறார்கள். காது குத்துகிற ஆசாரி, "பிள்ளைய மடியில உக்கார வைப்பா" என்று இரண்டு மூன்று தடவை சொல்லியும் கேட்காமல், குழந்தையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறான். கம்பி இறங்கியதும் குழந்தை வீறிட்டது. மொட்டைத் தலையை அவன் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டு அழுதது. அவன் அதை யாரிடமும் கொடுக்கவில்லை.

பந்தி முடிகிறவரை உட்கார்ந்திருந்தான். மச்சான் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துப் பேசினார்கள். அந்த அத்தைக்காரியும் வந்து, "நல்லாச் செஞ்சிட்டய்யா" என்றாளாம். அவர்கள் வேன் ஏறிய பிறகுதான் அக்காவைக் கூப்பிட்டு, "தலை பிளக்குதுக்கா" என்றான். யாரோ கண்ணேறு என்றார்கள். புளிய மரத்து நிழலில் பாயைப் போட்டுப் படுக்க வைத்தார்கள். படுக்க வைக்கக் கூடாது. அது பேச்சியம்மாவுக்குத் தெரியும், மேடம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் அவள் பேச்சு எடுபடவில்லை. அவள் கூப்பாடு போட்டுத்தான் மறுபடி தூக்கி வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள்.

கணேசனின் மினி லாரியில், மாலையைக்கூடக் கழற்றாமல் கொண்டு வந்தார்கள். பார்த்ததுமே நிமிர்த்தி உட்கார வைத்தேன். வேட்டி, பெல்ட், துண்டு எல்லாவற்றையும் அவிழ்த்தேன். மூத்திரக் குழாய் அடைக்கவில்லை. இரத்த அழுத்தம் பார்த்து, மிஷின்தான் கெட்டுவிட்டதோ என்று வேறொன்றில் பார்த்தேன். அதுவும் அதையேதான் காட்டியது. எஸ்தர் மேடம் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அழுத்தத்தைக் குறைக்கிற மருந்தைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, கையைத் தேய்க்காமல் அப்படியே வயிற்றில் வைத்தார். வயிறு பலகையாக இருந்தது.

"ஏலே, எப்பப் போன?"

செல்வம் கண்ணைத் திறந்தான். "அமாவாசைக்கு முன்னாடி மேடம்." அமாவாசை முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

பேச்சியம்மா வாயில் அடித்துக்கொண்டாள். "தினமும் நானே பாத்துக்கிறேன்டு கதவைச் சாத்துனியேடா!"

கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறான். பல நாளாகக் கடுங்காப்பியைத் தவிர வேறெதுவும் உள்ளே போகவில்லை. கூட மரம் ஏறின சிநேகிதனைவிட்டுப் பேதியை நிறுத்துகிற மாத்திரை வாங்கி, ஒன்று போதாது என்று இரண்டு மூன்றாக விழுங்கியிருக்கிறான். அதைத் தவணை தவணையாக அவனே சொன்னான். கீரையையும் மோரையும் நிறுத்திவிட்டான். பட்டினி கிடந்தால் குடல் காலியாக இருக்கும் என்று நினைத்திருக்கிறான். காலியாகவில்லை. உள்ளே இருந்தது கல்லாகிக் கிடந்தது.

நானும் மேடமும் மரத்துப்போகும் மருந்து தடவி, கையாலேயே எடுத்தோம். மேடம் ஒரு பக்கம் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போட்ட சட்டப்படி நான் பேச வேண்டும். செல்வம்தான் பேசினான்.

"எதுவும் ஆகலை சிஸ்டர். அங்கன எதுவுமே ஆகலை. அத்தைகூடப் பக்கத்துல வந்து நின்டாக."

"சரிடா. பேசாம இரு."

"தெரியாம வந்து நிக்கல. என்னையத் தெரிஞ்சேதான் நின்டாக."

அழுத்தம் இறங்க ஆரம்பித்தது. வயிறும் இளகியது. மேடம் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவ்வளவுதான், தப்பித்தான் என்று நினைத்தோம். அப்போது அவன் பேச்சுக் குழறியது. வாய் ஒரு பக்கம் கோணியது. மூளைக்குள் இரத்தக் கசிவு கோயிலிலோ வழியிலோ ஆரம்பித்திருக்க வேண்டும். மதுரைக்கு அனுப்பினோம். மறுநாள் மத்தியானத்துக்கு முன்பே போய்விட்டான்.

எனக்கு இன்றைக்கும் அவன்மேல் கோபம் தீரவில்லை. அத்தனை பாடுபட்டு நாங்கள் அவனுக்குக் கட்டிக்கொடுத்த வயிறு. அன்று காலையில் முறையாகச் செய்துவிட்டுப் போயிருந்தால், பந்தியில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்திருப்பான். அந்த வயிற்றை ஒரு நாள் நம்பியிருக்கலாம். மூக்கில் சேலையை வைத்தவர்கள் மேலும் கோபம். அவர்கள் ஒரு நிமிஷத்தில் வைத்ததை எடுத்துவிட்டார்கள், இவன் வருஷக்கணக்காக அந்த வாடையோடேயே இருந்தான். பாத்திமா ஐஸ் பெட்டியில் அனுப்புகிற டப்பாவில் எந்த பாக்டீரியா கூட, எந்த பாக்டீரியா குறைவு என்று தெரிந்துவிடும். நல்லதுதான், தெரியட்டும். அந்த டப்பாவைக் கொடுக்கிறவன் முகத்தையும் அவர்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது மட்டும் என் விருப்பம்.

எஸ்தர் மேடம் அதன்பிறகு ஒவ்வொரு நோயாளியிடமும் இன்னொரு கேள்வியும் சேர்த்துக் கேட்க ஆரம்பித்தார். "வீட்டுல விசேஷம் எதுவும் வருதா?" அவர்கள் விழிப்பார்கள். நான் பதில் வருகிறவரை பக்கத்தில் நிற்பேன்.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பழனிசெட்டிபட்டிக்குப் போனேன். பேச்சியம்மா காது குத்துப் படத்தைச் சட்டம் போட்டு டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். மாமன் என்று அவனுக்கு இருந்த ஒரே நல்ல படம் அதுதானாம். செல்வத்தின் முகம் நெருப்பாகச் சிவந்திருக்கிறது, நெற்றியில் வேர்வை. அதற்குள்ளும் சிரிக்கிறான். குழந்தை பட்டுப் பாவாடையோடு அவன் கைமேல், நெஞ்சுக்கும் தாடைக்கும் நடுவில் இருக்கிறது. மடியில் ஒன்றுமில்லை, வேட்டி மட்டும்தான்.

தர்ஷினியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பேச்சியம்மா படத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"ஒண்ணு கேக்கணும் சிஸ்டர். உங்ககிட்டதான் கேக்க முடியும். எங்க மாமியா வீட்டு ஆளுக சொல்றாக, மடியில வச்சா அசிங்கம் பட்டுருமோன்டுதான் பிள்ளைய மேல தூக்கி வச்சிருந்தான்டு. அப்பிடியா? என் பிள்ளைய மடியில வைக்கக்கூட அவன் கூசிக்கிட்டா உக்காந்திருந்தான்? அம்புட்டுப் பட்டினி கிடந்து, மடி குடுக்க வந்தவன், மடியே குடுக்காமப் போயிட்டானே."

இத்தனை நாளும் இதைத்தான் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"உன் தம்பி நெஞ்சுல மேடம் பேனாவுல ஒரு கோடு போட்டாகளே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். அவள் கையைப் பிடித்து என் நெஞ்சில், அந்தக் கோடு இருந்த இடத்தில் வைத்தேன். "பஞ்சு இங்கன பட்டாத்தான அவனுக்குத் தெரிஞ்சது? இதுக்குக் கீழ ஒண்ணுந் தெரியாது. மடியில வச்சிருந்தா, பிள்ளை இருக்காளா இறங்கிப் போயிட்டாளான்டு குனிஞ்சு பாத்துத்தான் அவனுக்குத் தெரியணும். அவ பாரம் தெரியணும்னுதான் மேல தூக்கி வச்சான். என் கண்ணு முன்னாடி தலையணைய வச்சுப் பழகுனான்."

பேச்சியம்மா படத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். குழந்தையின் மொட்டைத் தலை அவன் கழுத்தில் அழுந்தியிருக்கிற இடத்தில் விரலை வைத்தாள்.

"அப்ப இவ அழுதது..."

"தெரிஞ்சிருக்கும். கண்ணீர் பட்டதுகூடத் தெரிஞ்சிருக்கும்."

அவள் படத்தை மடியில் வைத்துப் பார்த்தாள். பிறகு அதை எடுத்து, நான் காட்டிய இடத்துக்கு மேலே தூக்கி அணைத்துக்கொண்டாள்.